என் மூளைப் படத்தில் ஒன்றுமில்லை

பதினாலு வருஷமாக எம்ஆர்ஐ டெக்னீஷியன் வேலை. ஈரோட்டில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டர். இடுப்பு, கழுத்து, முட்டி, தலை என்று ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேரை மிஷினுக்குள் அனுப்பி வெளியே எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வலிக்காகத்தான் வருகிறார்கள். படுக்கையிலிருந்து இறங்கும்போதே கேட்டுவிடுவார்கள்: “உள்ள என்னங்க தெரியுது?” டாக்டர் ரிப்போர்ட்டில் சொல்லுவாங்க என்று நான் நழுவிவிடுவேன். டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

அந்தக் கேள்வியை நானே கேட்கிற நாள் வந்தது.

2022 ஆகஸ்டில் ஒரு மழைநாள் சாயங்காலம். பெருந்துறை ரோட்டில் வண்டி சறுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பில் விரிசல். எலும்பு நகரவில்லை, ஆறு வாரம் மாவுக்கட்டு போதும் என்றார்கள். “புத்தூர்க் கட்டு போட்டிருந்தா இந்நேரம் சரியாயிருக்கும் கண்ணு” என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எனக்கு வந்தது எந்தக் கட்டுப் போட்டாலும் வரக்கூடியது. அதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரமே கட்டுக்குள் எரிச்சல். கட்டுப் பிரித்த நாளில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது, ஆனால் கை என் கையாக இல்லை. விரல்கள் பனங்கிழங்கு மாதிரி வீங்கி, தோல் மினுமினு என்று இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் நாவல்பழ நிறம். உள்ளங்கை மட்டும் வியர்க்கும். ஃபேன் காற்று பட்டால் எரியும். மகளின் துப்பட்டா நுனி ஒருநாள் புறங்கையில் உரசிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு விசித்திரமும் இருந்தது. கண்ணை மூடினால் அந்தக் கை இருப்பதைவிடப் பெரிதாக, தலையணை அளவுக்கு இருப்பதுபோல் தோன்றும். எந்த விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று இதை யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் தெரிந்தது, டாக்டரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியதே அதுதான்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அருமையா கூடியிருக்கு. இன்னும் வலிக்குதுன்னா மனசுலதான் இருக்கணும். வேலைக்குப் போக சோம்பலா?” என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. சென்டர் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, லீவு கேட்கும்போது கையை ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வை போதாதா?

படம் வேண்டும், வலியின் படம் வேண்டும் என்ற வெறி அப்போதுதான் பிடித்தது. மிஷின் என் கையில் இருக்கிறது. எலும்பில் இல்லை என்றால் நரம்பில் இருக்கும், நரம்பிலும் இல்லை என்றால் மூளையில் இருக்கும். எடுத்து ஃபிலிமாக நீட்டிவிட்டால் எல்லோர் வாயும் அடங்கும்.

எங்கள் சென்டருக்குச் சாயங்காலம் வந்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் மேடத்திடம் கெஞ்சினேன். “தேவையில்லைங்க, ஆனா உங்க மனசு ஆறணும்னா எடுத்துக்குங்க” என்றார். ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி கேஸ் முடிந்ததும் ஜூனியர் பையன் கன்சோலில் உட்கார, நான் முதல்முறையாகப் படுக்கையில் ஏறினேன். தலையைச் சுற்றிக் கோழிக்கூடு மாதிரி காயில் என்ற கூண்டு. நல்ல கையில், அவசரமானால் அழுத்திக் கூப்பிட ஒரு ரப்பர் பல்ப். பிறகு அந்தச் சத்தம். அப்பா முப்பது வருஷம் விசைத்தறியில் நின்றவர், சின்ன வயதில் தறிக்குடோனில் தூங்கியவன் நான். உள்ளே படுத்திருந்தபோது அந்தக் குடோன்தான் ஞாபகம் வந்தது. “அசையாதீங்க, இருபது நிமிஷம்தான்” என்று பதினாலு வருஷமாக எத்தனை லேசாகச் சொல்லியிருக்கிறேன்! எரிகிற கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் அசையாமல் இருப்பது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வலியோடு வருகிற யாரையும் நான் அவசரப்படுத்துவதில்லை. முழங்காலுக்கடியில் ஒரு தலையணை, கைக்கடியில் ஒரு மடித்த துணி. இரண்டு நிமிஷ வேலைதான், படமும் அசையாமல் வரும்.

ரிப்போர்ட் வந்தது. குறிப்பிடத்தக்க மாறுபாடு ஏதுமில்லை. நார்மல்.

எத்தனை பேருக்கு இந்தக் கவரை நீட்டியிருப்பேன். வாங்கிக்கொண்டு சிலர் சந்தோஷப்படாமல் முகம் வாடிப் போவார்கள். நல்ல ரிப்போர்ட்டுக்கு எதற்கு அழுகிறார்கள் என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டிருக்கிறேன். அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மேடம் என்னை உட்காரவைத்துப் பேசினார். அரை மணி நேரம் இருக்கும். அதன் சாரத்தை, பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் எடுத்தது மூளையின் உருவப்படம். கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு, தேய்மானம் இருந்தால் காட்டும். பூட்டிய வீட்டை வெளியே நின்று போட்டோ எடுத்த மாதிரி. சுவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம், உள்ளே யார் சண்டை போடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. மூளை வேலை செய்வதைப் பார்க்க வேறு முறை இருக்கிறது: எஃப்எம்ஆர்ஐ. மிஷின் அதே ஜாதிதான், எடுக்கும் விதம் வேறு. மூளையில் ஓர் இடம் மும்முரமானால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜனை இறக்கிவைத்துவிட்ட ஹீமோகுளோபின் காந்தப்புலத்தை லேசாகக் கலைக்கும், ஆக்சிஜனோடு இருப்பது கலைக்காது. இந்த வித்தியாசத்தைப் படமாக்கலாம் என்று சீஜி ஒகாவா என்ற விஞ்ஞானி 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எலிகளை வைத்துக் காட்டினார். வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான். அதுவும் நரம்பு வேலை செய்து நாலைந்து நொடி கழித்துத்தான் ரத்தம் ஏறும். தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே எல்லாம் குழம்பிப்போகும். ஆகவே ஒரே ஆளை மறுபடி மறுபடி எடுத்து, பல ஆட்களைச் சேர்த்து, சராசரி போட்டுத்தான் அந்த வண்ணப் படங்கள் வருகின்றன. ஒருவர் தலைக்குள் நேராக எட்டிப்பார்த்து எடுத்தவை அல்ல.

“அப்ப பெரிய ஊர்ல போய் எஃப்எம்ஆர்ஐ எடுத்துட்டா?” என்றேன்.

“எடுக்கலாம். மூளையில் கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி கை அசைக்கிற இடம், பேச்சு இடம் எதுன்னு குறிக்க எடுக்கறாங்க. உங்க வலிக்கு எடுத்தா எதோட ஒப்பிடறது? வலி வர்றதுக்கு முன்னாடி உங்க மூளையை யாராவது எடுத்து வெச்சிருக்காங்களா?”

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அப்புறம் நான் படிக்க ஆரம்பித்தேன். ராத்திரியில் கை தூங்கவிடாது, எப்படியும் விழித்துத்தானே இருக்கிறோம். 2013-ல் டோர் வேகர் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வு முதலில் கண்ணில் பட்டது. ஆரோக்கியமான 114 பேரின் கையில் சூடு வைத்து, மூளையில் வலிக்கான ஒரு முத்திரையைக் கண்டுபிடித்தார்கள். வலிக்கிற சூடா, வெறும் வெதுவெதுப்பா என்பதை அந்த முத்திரையை வைத்து 94 சதவீதத்துக்கும் மேல் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், வலி அந்த நொடியில் வைத்த சூட்டால் வந்தது. என் கையில் சூடு வைத்தவர் யாருமில்லை, மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே வலியல்ல.

நாள்பட்ட வலியில் மூளை வேறு பாதையில் போகிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. சிகாகோவில் வானியா அப்காரியன் குழு, புதிதாக முதுகுவலி வந்தவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து படமெடுத்தது. சிலருக்கு வலி ஆறியது, சிலருக்கு நிலைத்துவிட்டது. நிலைத்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே நெற்றிப்பகுதியின் நடுப்பாகமும், ஆசை, பழக்கம், ஊக்கம் இவற்றோடு தொடர்புள்ள அக்கும்பென்ஸ் என்ற சின்னப் பகுதியும் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பேசிக்கொண்டிருந்தன. இது 2012-ல் வந்தது. அடுத்த வருஷம் வந்த இன்னொரு கட்டுரையில், வலி பழசாகப் பழசாக மூளையில் அதன் இடம் மாறி, உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளுக்குப் போய்விடுகிறது என்று காட்டினார்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, “மனசுலதான்” என்று அந்த டாக்டர் சொன்னது சரிதானோ என்று. ஒரு வாரம் யோசித்தேன். இல்லை, அது வேறு, இது வேறு. அவர் சொன்னதன் பொருள் “உனக்கு வலி இல்லை” என்பது. கட்டுரை சொன்னது, வலி இருக்கிறது, நரம்பும் மூளையும் அதைப் பழகிக்கொண்டுவிட்டன, அதனால்தான் எலும்பு ஆறியும் அது ஆறவில்லை என்பது. அந்த மாதங்களில் நான் சின்ன விஷயத்துக்கெல்லாம் மகளிடம் எரிந்து விழுந்ததற்கும் அதில் ஒரு காரணம் கிடைத்தது. கிடைத்ததற்காக அது நியாயமாகிவிடாது.

அம்மாவுக்குப் பயம் வேறு. “மூளை கெட்டுப்போச்சாடா?” நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு மூளையில் நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல்பகுதி குறைந்திருப்பதாக 2004-ல் ஒரு கட்டுரை வந்ததும், அதைப் பிடித்துக்கொண்டு ‘வலி மூளையைத் தின்கிறது’ என்று பயமுறுத்துவதும் உண்மைதான். அதே வேகத்தில் யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் வருஷக்கணக்கில் வலித்தவர்களுக்கு மூட்டு மாற்றியபின் வலி போக, குறைந்த இடம் திரும்பவும் கூடியது என்று 2009-ல் ஜெர்மனியில் பார்த்தார்கள். முதுகுவலியிலும் சிகிச்சைக்குப் பின் அப்படித் திரும்பியதை 2011-ல் காட்டினார்கள். அம்மாவிடம் நான் சொன்னது: “கெட்டுப்போகலைம்மா, தடம் மாறியிருக்கு, திரும்பும்.”

இந்த இடத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வலியின் மூலத்தை மூளையில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று ஓர் இடத்தில் விளம்பரம் பார்த்து, மனைவியையும் இழுத்துக்கொண்டு போனேன். ‘பிரெயின் மேப்பிங்’ பேக்கேஜ், 18,000 ரூபாய். தலையில் ஒயர்கள் வைத்த தொப்பி போட்டு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பில் ஒரு மண்டைப் படம். “பாத்தீங்களா சார், இந்தச் சிவப்புதான் உங்க வலி” என்றார் அங்கிருந்தவர். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தொழில் புத்தி முழித்துக்கொண்டது.

“வலி இல்லாத ஆளுக்கு அந்த இடம் என்ன கலர்ல வரும்?”

“அது ஆளுக்கு ஆள் மாறும் சார்.”

“அப்ப எனக்கு வலி போயிட்டா இந்தச் சிவப்பு போயிடும்னு எத்தனை பேர்கிட்ட பார்த்திருக்கீங்க?”

அவர் மேனேஜரைக் கூப்பிடப் போனார். பணம் முன்னாடியே கட்டியாகிவிட்டது, திரும்பி வரவில்லை. மனைவி இப்போதும் எதற்காவது பணம் போனால், “இதென்ன, தொப்பி போட்டுக்கிட்டதைவிட ஜாஸ்தியா?” என்பாள்.

கலர் என்பது நாங்கள் கொடுக்கிற கலர். எந்த அளவுக்கு மேல் போனால் சிவப்பு என்று ஒரு கோடு போடுகிறோம், கோட்டைக் கீழே இறக்கினால் எங்கும் சிவக்கும். 2009-ல் கிரெய்க் பென்னெட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன் மீனை எஃப்எம்ஆர்ஐ மிஷினில் வைத்து, மனிதர்களின் போட்டோக்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பார்க்கும்போது சில தற்செயலாகவே ஒளிரும், அதைக் கழிக்கும் கணக்குத் திருத்தத்தைச் செய்யாமல் பார்த்தபோது மீனின் மூளையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது! திருத்தம் செய்ததும் போய்விட்டது. கடையில் வாங்கிய மீன் அது. இதைவிட நல்ல எச்சரிக்கை எங்கள் தொழிலில் கிடையாது. சிரிக்க முடியாத ஆய்வு இன்னொன்று. பிறவியிலேயே வலி என்பதே தெரியாத இரண்டு பேரை மிஷினில் வைத்து, மற்றவர்களுக்கு வலிக்கும் விதமாகத் தோலைச் சீண்டினார்கள். வலியின் பகுதிகள் என்று பெயர் வாங்கிய அதே இடங்கள் அவர்களுக்கும் ஒளிர்ந்தன. 2016-ல் வெளிவந்தது. அந்தப் பகுதிகள் ‘வலிக்கிறது’ என்பதைவிட ‘கவனி, ஏதோ நடக்கிறது’ என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன போலிருக்கிறது.

உலக வலி ஆய்வுச் சங்கம் அமைத்த குழு ஒன்று 2017-ல் இதையெல்லாம் அலசி, ஒருவருக்கு நாள்பட்ட வலி உண்டு என்றோ இல்லை என்றோ மூளைப் படத்தை வைத்துத் தீர்மானிக்க இன்றைய நிலையில் முடியாது, கோர்ட்டிலும் இன்சூரன்ஸிலும் அப்படிப் பயன்படுத்துவது சரியல்ல என்று எழுதியது. ‘இல்லை’ என்று நிரூபிக்கவும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் ஆசைப்பட்ட அந்த ஃபிலிம் கிடைத்திருந்தால், நாளைக்கு அதே ஃபிலிமைக் காட்டி இன்னொருவருக்கு ‘உனக்கு வலி கிடையாது’ என்று யாராவது கதவைச் சாத்தியிருப்பார்கள். அதே சங்கம் 2020-ல் வலியின் விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே எழுதிவைத்திருக்கிறது. இந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி எங்கள் ரிசப்ஷனில் ஒட்டலாமா என்று கேட்டேன். முதலாளி பெயிண்ட் போயிடும் என்றார்.

சரி, எனக்கு என்ன நோய் என்று எப்படித்தான் தெரிந்தது? ஐந்து மாதம் கழித்து, கோயம்புத்தூரில் ஒரு வலி கிளினிக்கில். வலி கிளினிக் என்றால் பலருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர்கள்தான் அதற்கென்று தனியாகப் படித்துவிட்டு நடத்துகிறார்கள். அவர் என் ஃபிலிம் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, “கையை எப்பவாவது போட்டோ எடுத்திருக்கீங்களா?” என்றார். மகள் எடுத்திருந்தாள், விளையாட்டாக, ‘அப்பா கை கலர் மாறுது’ என்று. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஏழெட்டுப் படங்கள், தேதியோடு. அவர் அதைப் பார்த்தார், இரண்டு கையையும் தொட்டுச் சூடு பார்த்தார், பஞ்சால் வருடினார், விரல் மடக்கச் சொன்னார், நகத்தைப் பார்த்தார். “கை பெரிசா இருக்கிற மாதிரி, உங்க கை இல்லாத மாதிரி தோணுதா?” என்று அவராகவே கேட்டார். நான் அங்கேயே அழுதேன்.

சிஆர்பிஎஸ் என்றார், காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம். அடிபட்ட ஓர் உறுப்பில், அடியின் அளவுக்குப் பொருந்தாத வலி தங்கிவிடும் நோய். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ தீர்ப்பு சொல்வதில்லை. புடாபெஸ்ட் அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தொட்டால் வலி மாதிரியான உணர்வுக் கோளாறு, நிறமும் சூடும் மாறுவது, வீக்கமும் வியர்வையும், அசைவுக் குறைவோடு முடி, நகம், தோல் மாற்றம் என்று நான்கு வகை. மூன்று வகையிலாவது நோயாளி சொல்ல வேண்டும், இரண்டு வகையிலாவது டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். கிருமித்தொற்று, ரத்தக்கட்டு, நரம்பு அழுத்தம் மாதிரி வேறு காரணம் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், நிறமும் வீக்கமும் வந்து வந்து போகும். டாக்டரைப் பார்க்கிற பத்து நிமிஷம் கை சமர்த்தாக இருக்கும். அதனால்தான் போட்டோ. யாருக்காவது இப்படிக் கையோ காலோ இருந்தால், ஒரே வெளிச்சத்தில், இரண்டு கையையும் சேர்த்து, காலை சாயங்காலம் எடுத்து வையுங்கள். என் விஷயத்தில் பதினெட்டாயிரம் செய்யாததை அந்த ஏழெட்டுப் போட்டோ செய்தது. வலியைச் சொல்லும்போதும் ‘பத்துக்கு எட்டு’ என்பதோடு நிறுத்தாமல், “தண்ணீர் தம்ளரைப் பிடிக்க முடியலை, சட்டைக் கையை நுழைக்கையில் பல்லைக் கடிக்கிறேன்” என்று சொல்லுங்கள். டாக்டரின் பேனா அப்போதுதான் நகர்கிறது.

மூளை மறுபடியும் கதைக்குள் வந்தது சிகிச்சையில்தான். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு இடம் உண்டு. 2003-ல் ஜெர்மனியில், மூளையின் காந்த அலைகளை அளக்கும் கருவியை வைத்து, சிஆர்பிஎஸ் வந்த கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையேயான தூரம் மூளையில் சுருங்கியிருப்பதைப் பார்த்தார்கள். குணமானபோது அது திரும்பியதையும் மறுவருஷம் எழுதினார்கள். தலையணை அளவுக் கைக்கு இதுதான் காரணம் என்று எனக்கு அத்தனை ஆறுதல். ஆனால் 2019-ல் இன்னும் நுணுக்கமான எஃப்எம்ஆர்ஐ முறையில் விரல்களின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆக அதுவும் முடிந்த கதையில்லை. அந்தப் படங்களால் பிறந்த யோசனை மட்டும் என் வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது: மூளைக்குக் கையை மறுபடி அறிமுகப்படுத்துவது.

ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2004-ல் வெளியிட்ட முறை அது. அவர் சோதித்துப் பார்த்ததும் மணிக்கட்டு எலும்பு முறிந்தபின் வலி தங்கிவிட்டவர்களிடம்தான், பதின்மூன்றே பேர். மூன்று படி, ஒவ்வொன்றும் இரண்டு வாரம். முதல் படியில் கையை அசைக்கவே வேண்டாம். கைகளின் படங்களைப் பார்த்து இடதா வலதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மகள் வீட்டிலிருக்கிற எல்லோர் கையையும் விதவிதமாக வளைக்கச்சொல்லி நாற்பது படம் எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். வலது கையை உடனே சொல்லிவிடுவேன். இடது கை வந்தால் தடுமாறுவேன். வெறும் படம்தான், யாரோ ஒருவர் கை! வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற அம்மாவின் இடது கையைப் பார்த்தபோது என் கையில் சுருக்கென்றது. இந்த மூளைக்குள் ஏதோ நடக்கிறது என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல சாட்சி எந்த மிஷினிலும் கிடைத்திருக்காது.

இரண்டாவது படி, கை அசைவதாக மனதில் நினைப்பது. மூன்றாவது கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடி முன் வைத்து, வலிக்கிற கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தால் இரண்டு கையும் சுகமாக அசைவதாகக் கண் பார்க்கும். கையோ காலோ இழந்தவர்களுக்கு, இல்லாத உறுப்பில் வரும் வலிக்காக 1990-களில் இதை ஆரம்பித்துவைத்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லியில் எம்பிபிஎஸ் படித்த நம்மூர்க்காரர். கடைவீதியில் சட்டம்போட்ட ஓர் அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி வாங்கினேன். வாட்ச், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இரண்டு கையும் ஒரே மாதிரி தெரிந்தால்தான் மூளை ஏமாறும். ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முதல்நாள் எனக்குத் தலைசுற்றி வியர்த்தது. அப்படி ஆனால் நிறுத்திவிட்டு முந்தைய படிக்குப் போகச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது இதில் வேலைக்கு ஆகாது. இந்த முறை எல்லோருக்கும் பலித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு மையங்களில் வழக்கமான சிகிச்சையாகச் செய்து பார்த்தபோது வலி குறையவில்லை என்று 2012-ல் எழுதினார்கள். கண்ணாடியை மட்டும் நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அதிலும் கபாபென்டின், பிரிகாபலின் மாதிரி நரம்புவலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவே கூடாது. நான் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போகையில் மறந்து மூன்று நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கூடவே தொடு பயிற்சி. வலிக்கிறது என்று கையைச் சுருட்டித் துண்டில் பொதிந்து வைத்தால், சின்ன உரசலுக்கும் மூளை அலறப் பழகிவிடுகிறது. கையைப் பொத்திவைத்த முதல் மாதங்கள்தான் நான் செய்த பெரிய தப்பு. ஈரோட்டில் இருந்துகொண்டு துணிக்குப் பஞ்சமா? ஜவுளிச் சந்தைக்குப் போய் வெட்டுத்துண்டுகளாக வாங்கினேன். மல் துணியில் ஆரம்பித்தேன், புறங்கையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வருடல், கண்ணால் பார்த்துக்கொண்டே. அது பழகியதும் வாய்ல் என்ற மெல்லிய துணி, அப்புறம் காடா, கதர், டர்க்கி டவல். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள், சிலதுக்கு மூன்று வாரம். கடைசியாக ஒரு துண்டு பவானி ஜமக்காளம் வாங்கி அலமாரிக் கதவில் மாட்டிவைத்தேன், என்றைக்காவது இதைத் தொடுவேன் என்று. அதன் ஓரத்தை முதலில் தொட்டது ஏழு மாதம் கழித்து.

இப்போது இடது கையால் தம்ளர் பிடிக்கிறேன், கிளட்ச் பிடிக்கிறேன். குளிர் நாளில் எரிகிறது. முழுக்கப் போகவில்லை.

மிஷின் அறையில் என் பேச்சு மாறியிருக்கிறது. டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்வதில்லை, ஆனால் கவரைக் கொடுக்கும்போது ஓரிரு வார்த்தை. இடுப்பு ஸ்கேனில் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்று பார்த்துக் கலங்குகிறவரிடம், ஐம்பது வயதில் வலியே இல்லாதவர்களை எடுத்தாலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு அந்தப் பிதுக்கம் இருக்கும், வலியற்ற 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் கண்ட கணக்கு என்கிறேன். ‘நார்மல்’ என்று பார்த்து முகம் வாடுகிறவரிடம், “எதைத் தேடி எடுத்தாங்களோ அது இல்லைன்னு அர்த்தம், உங்களுக்கு வலி இல்லைன்னு அர்த்தமில்லை” என்கிறேன். மூளை ஸ்கேனை உடனே எடுத்தே தீர வேண்டிய நேரங்கள் வேறு: திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, ஒரு பக்கம் கைகால் இழுப்பது, வாய் கோணுவது, வலிப்பு, பார்வை மங்குவது. அப்போது யோசிக்கவே கூடாது, ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

போன மாதம் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், தறியில் உட்கார்ந்தவர். வருஷக்கணக்கில் தலையும் கழுத்தும் வலி. தாலிக்கொடியில் பதினொரு ஊக்கு கோத்திருந்தார். மிஷின் இழுத்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி என் இடது உள்ளங்கையில் வைத்தார். கொடியையும் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டார். ஸ்கேன் முடிந்து மறுநாள் ரிப்போர்ட் வாங்க வந்தபோது, நார்மல். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வலியைப் படம் எடுக்க முடியாதுங்கம்மா, படத்தில் இல்லைன்னாலும் வலி நிஜந்தான், வலி கிளினிக் டாக்டரைப் பாருங்க.

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வலி படத்துல வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்லீங்க? அப்ப ஐயாயிரத்தை எதுக்குங்க வாங்குனீங்க?”

கட்டி இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், முதல்நாள் நான் திருப்பிக் கொடுத்த ஊக்குகளை எண்ணிப் பார்த்தார். பத்துதான் இருந்தது. பதினொன்றாவது ஊக்கைத் தேடி நானும் அவரும் சாயங்காலம் வரை அந்த அறையில் குனிந்துகொண்டிருந்தோம்.